குறுவைக்கு முன் டிராக்டர்: கேள்விகளும் பதில்களும்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே வண்டியைச் சரிபார்த்துக்கொள்ள விரும்பும் சிறு விவசாயிகளின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். 35 முதல் 45 குதிரைத்திறன் வரையுள்ள பழைய வகை வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: ஐயா, டீசல் தீர்ந்து வண்டி வயலிலேயே நின்றுவிட்டது. டீசல் ஊற்றிய பிறகும் எஞ்சின் பிடிக்கவில்லை.

குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கிறது. அதை நீங்களே எடுத்துவிடலாம். முதலில் தோளில் கிடக்கும் துண்டை வரப்பில் வைத்துவிடுங்கள். டீசல் பில்டரின் தலையில் இருக்கும் சிறு திருகாணியைச் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடைத்து, அதை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் ஃபீட் பம்பின் கைநெம்புகோலை மேலும் கீழும் இயக்குங்கள். தொடக்கத்தில் நுரையாகவும், பிறகு விட்டுவிட்டுக் குமிழிகளாகவும் வரும். குமிழியே இல்லாமல் டீசல் ஒரே சீராக வழியும்போது, பம்பு அடிப்பதை நிறுத்தாமலேயே திருகாணியை இறுக்கிவிட வேண்டும். இரண்டாவது பில்டரிலும், பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பிலும் இதையே செய்யுங்கள். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குச் செல்லும் இரும்புக் குழாய் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள்; அங்கிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய காமன் ரெயில் வகை வண்டிகளில் இந்த வேலையே கூடாது.

ஒட்டன்சத்திரம் வாசகர்: எந்த நிறுவனத்தின் எஞ்சின் ஆயில் சிறந்தது?

கையேட்டில் குறிப்பிட்டுள்ள தரமும் எண்ணும் டப்பாவில் இருந்தால் போதும். நிறுவனம் எதுவாயினும் சரி.

பொள்ளாச்சி வாசகர்: ஏர் கிளீனர் கிண்ணத்தில், எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றலாமா?

கூடாது. எஞ்சினுக்குப் போகும் காற்று ஏர் கிளீனரின் நடுக்குழாய் வழியாக வேகமாக இறங்கி, எண்ணெய்ப் பரப்பில் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் சிக்கிக்கொள்கிறது. மிச்சத்தை மேலே உள்ள கம்பிவலை பிடித்துக்கொள்கிறது. இறக்கிய ஆயிலில் ஏற்கெனவே கரியும், சில வேளைகளில் டீசலும் கலந்திருக்கும். துணியால் வடிகட்டினால் குப்பை போகுமே தவிர, கரி போகாது.

மன்னார்குடி வாசகர்: எங்கள் ஊர் மெக்கானிக் முப்பது ஆண்டுகளாகப் பழைய ஆயிலைத்தான் ஊற்றுகிறார். ஒரு வண்டியும் கெடவில்லையே?

அவருடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். பழைய ஆயில் ஊற்றிய மறுநாளே எந்த வண்டியும் நின்றுவிடாது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் மெல்ல மெல்லத் தேய்ந்து, சில ஆண்டுகள் கழித்து வண்டி நீலப் புகை விடும்போது, அந்தக் கிண்ணத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் வண்டியின் கிண்ணத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய்தான் பிடிக்கிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினைப் பிரிக்கும் செலவை இழுத்துக்கொள்ள வேண்டாம் என்றே மன்றாடிக் கேட்கிறேன்.

நீடாமங்கலம் வாசகர்: சேற்றுழவில் தூசியே இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவு கவனம்?

நியாயமான கேள்வி. சேற்றில் தூசி குறைவுதான். ஆனால் அதே வண்டிதான் கோடை உழவுக்கும் வைக்கோல் கட்டுவதற்கும் போகிறது. கோடை உழவு முடிந்த அன்று மாலை கிண்ணத்தைக் கழற்றி, அடியில் விரலை விட்டுப் பாருங்கள்: களிமண் குழைத்ததுபோல் கறுப்பாக ஒட்டும். அந்த வண்டல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறிவிட்டால் உடனே கழுவி, புதிய எஞ்சின் ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு.

சேலம் வாசகர்: எந்த ஆயில் நல்லது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

எந்த ஆயில் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மாதக் கணக்கைவிட மணிக் கணக்கே முக்கியம். பல வண்டிகளுக்கு 250 மணி நேரம். புது வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணி நேரத்தில். உங்கள் வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதுவே இறுதி.

பட்டுக்கோட்டை வாசகர்: சேறடித்த பிறகு முன் சக்கரம் ஆடுகிறது.

ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்த பிறகு, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது அல்லது சேறு புகுந்து தேய்ந்திருக்கிறது. சேற்றுழவு நாள்களில் ஒவ்வொரு மாலையும் முன் ஆக்சிலின் நிப்பிள்களில், சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் அடியுங்கள்.

தஞ்சை வாசகர்: கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரிக்கலாமா?

வேண்டாம். பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கும்பகோணம் வாசகர்: ரோட்டவேட்டர் பிளேடுகளை நானே மாற்றலாமா, அண்ணா?

தாராளமாக மாற்றலாம், தம்பி. ஆனால் துண்டு வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்; வேட்டியும் வேண்டாம். எஞ்சினின் விசையை ரோட்டவேட்டருக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. துணியின் நுனி சிக்கினால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டவேட்டரின் இரு முனைகளுக்கும் அடியில் மரக்கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக் தாங்கும் என்று நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். ஒவ்வொரு பிளேடாகக் கழற்றி, பழையது வளைந்திருந்த அதே திசையில் புதியதைப் பொருத்துங்கள். ஒரு மணி நேரம் உழுத பிறகு, மறுபடியும் எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.