பாகிஸ்தான் நமக்கு 300 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பது உண்மையா?

உண்மைதான். மத்திய பட்ஜெட் ஆவணங்களில் அரசின் கடன் நிலையைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. அதில் பிரிவினைக்கு முந்தைய கடனில் பாகிஸ்தான் தர வேண்டிய பங்கு என்று ஒரு வரி, பக்கத்தில் 'உத்தேசமாக' என்ற குறிப்பு, எதிரே 300 கோடி. நான் கூட்டுறவு வங்கியில் பல வருடம் பேரேடு எழுதியவன். இத்தனை காலமாக வராத பாக்கியை இன்னும் தள்ளுபடி செய்யாமல் வைத்திருக்கிறார்களே என்று, முதல் முறை பார்த்தபோது அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

இதைப் பலர், நாம் பாகிஸ்தானுக்குக் கொடுத்த அந்த 55 கோடியோடு போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

1947-இல் பாகப்பிரிவினைக் கணக்கைப் பேசி முடித்தவர்கள் இரண்டு அதிகாரிகள். நம் பக்கம் எச்.எம். படேல், அந்தப் பக்கம் சௌத்ரி முகமது அலி. பிரியாத இந்தியாவின் கையிருப்பு ரொக்கம் சுமார் 400 கோடி. அதில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று முடிவானது. 20 கோடி முதலிலேயே போய்விட்டது. மிச்சம்தான் 55. காஷ்மீரில் சண்டை நடக்கும்போது இதைக் கொடுக்க முடியாது என்று நம் அரசு நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13-இல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார், 15-ஆம் தேதி அரசு பணத்தை விடுவிக்க முடிவு செய்தது. அதைத் தானம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உட்கார்ந்து பேசி, நாமே ஒப்புக்கொண்ட பங்கு அது.

300 கோடி கடன் பக்கத்துக் கணக்கு. பழைய அரசு வாங்கிய கடன் முழுவதையும் இந்தியா தன் தலையில் ஏற்றுக்கொண்டது. பாகிஸ்தான் தன் பங்கை, பொதுவாகச் சொன்னால் நூற்றுக்குப் பதினேழரை, 1952 முதல் 50 வருடத் தவணையில் நமக்குக் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு தவணைகூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், அவர்களுக்கும் நம்மிடம் ஒரு பாக்கி இருக்கிறது என்கிறார்கள். 1948 ஜூன் வரை இரண்டு நாட்டுக்கும் நம் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. இந்திய நோட்டுகள்தான் அங்கே புழங்கின; 1948 ஏப்ரலிலிருந்து 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் அவற்றின் மேல் அச்சடித்து வெளியிட்டார்கள். அப்புறம் ஜூலை 1-இல் அவர்களுக்கென்று தனி மத்திய வங்கி, ஸ்டேட் பேங்க் ஆஃப் பாகிஸ்தான், வந்தது. புழங்கிய நோட்டுக்கு ஈடாக நம் ரிசர்வ் வங்கி வைத்திருந்த சொத்தில் தங்கள் பங்கு முழுதாக வரவில்லை என்பது அவர்கள் வாதம்.

அந்த வங்கியின் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) பாருங்கள். இந்திய ரிசர்வ் வங்கியிடம் உள்ள சொத்து என்று தனித் தலைப்பே இருக்கும்: தங்கம், ஸ்டெர்லிங் (பிரிட்டன் பவுண்டு) பத்திரம், இந்திய அரசுப் பத்திரம், ரூபாய் நாணயம். நம் 300 கோடி அப்படியே நிற்கிறது. அவர்கள் அந்தத் தங்கத்தை வருடா வருடம் சந்தை விலைக்கு மாற்றி எழுதுகிறார்கள்.