நின்றிருந்த கார் எப்படி வந்தது?

கேள்வி: ராயபுரத்தில் நண்பர் வீட்டு விசேஷம் முடிந்து நள்ளிரவில் திரும்பும்போது தூக்கம் கண்ணைச் சொருகியது. யாருக்கும் ஆபத்து வேண்டாம் என்று எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் காரை ஓரங்கட்டி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். போலீசார் கண்ணாடியைத் தட்டி எழுப்பி, ஊதச் சொல்லி, குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போட்டார்கள். ஒருமையில் பேசினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். நின்ற வண்டிக்கு எப்படி இந்த வழக்கு? கமிஷனருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் எழுதிவிட்டேன், அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஒருமையில் பேசியது தவறுதான். ஆனால் அதனால் உங்கள் வழக்கில் ஓர் எழுத்துகூட மாறாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு குடித்த எல்லோரையும் தண்டிப்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுவோடு வண்டியை ஓட்டியவரையும் ஓட்ட முயன்றவரையும்தான் தண்டிக்கிறது. ஆகவே கார் நின்றிருந்ததா என்பதல்ல கேள்வி, அங்கே யார் ஓட்டி வந்தார் என்பதுதான். அதைக் காவல்துறை நிரூபிக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் இருந்ததும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததும் அவர்களுக்குச் சாதகம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பின் இருக்கையில் படுத்திருந்தால் பேச்சே வேறு.

இப்போது உங்கள் முதல் இரண்டு வரிகளை மறுபடி படியுங்கள். ஓட்டி வந்தேன் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்துக்குச் சான்று என்று நினைத்து நீங்கள் எழுதியதுதான் அரசுத் தரப்பிடம் இல்லாத சாட்சியம். (உங்கள் பெயரையும் தேதியையும் அதனால்தான் எடுத்துவிட்டேன்.) புகாரிலும் இதையேதான் எழுதியிருப்பீர்கள். போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாதே என்பீர்கள். உண்மை. ஆனால் எந்தத் தெருவின் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று அது அவர்களுக்கு வழி காட்டிவிடும். ஆணையத்துக்குப் போகும் நகலுக்கோ அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

காசிமேட்டுக்காரர் ஒருவர் இதே நிலையில் என்னிடம் வந்தார். ஓட்டியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. நல்ல வழக்கு. ஆனால் பிடிபட்ட இரவே உறவினர் வாட்ஸ்அப் குழுவில், "பத்து நிமிஷம்தான் ஓட்டினேன், அதுக்கே இந்த அக்கிரமம்" என்று குரல் பதிவு போட்டிருந்தார். வீட்டுப் பாகத்தில் அவரோடு தகராறில் இருந்த பங்காளி ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். பதிவு போலீசார் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

இதைவிட மோசமானது, "என் மச்சான்தான் ஓட்டினான்" என்று ஆள் பிடித்துச் சாட்சி சொல்ல வைப்பது. முதல் முறை குடித்து ஓட்டியதற்கு அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை. மச்சானையும் சேர்த்து இழுக்காதீர்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மௌனம் உங்கள் உரிமை, பொய் அப்படியல்ல.

பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. தண்டனை உறுதியானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி குறைந்தது 6 மாதம் ஓட்டத் தகுதியிழப்பு. இன்னொரு முறை சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை.

வழக்கு ஆவணங்களின் நகலை வாங்கிக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கேமராப் பதிவோ பார்த்த சாட்சியோ இருந்தால், உங்கள் பிழைப்பு லைசென்ஸை நம்பி இல்லையென்றால், ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பதே மேல். அப்படி ஒன்றும் இல்லையென்றால் வழக்கை நடத்தலாம். எழுதி வைத்திருக்கும் அந்தப் புகாரை அவரிடம் மட்டும் காட்டுங்கள்.