பேரலைக் கழற்றும் முன் ஒரு பஞ்சுக் குச்சி

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம், தோள்கட்டை பொருத்திய பழைய கிராஸ்மேன் 1377 பம்ப் ஏர் கன்னை மலிவாக வாங்கினேன். கொல்லையில் தகர டப்பா சுடத்தான். 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. நீளமான பேரல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். நானே மாற்றலாமா சார்?

மாற்றலாம். மலிவு விலை பம்ப் துப்பாக்கிகளிலேயே பேரல் மாற்ற மிகச் சுலபமானது இதுதான். ஆனால் உங்கள் நண்பர் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். பம்ப் செய்து வால்வில் அடைத்த காற்றுக்கு ஓர் அளவு உண்டு. குட்டைப் பேரலில் அந்தக் காற்று முழுக்கத் தள்ளி முடிப்பதற்குள் பெல்லட் வெளியே போய்விடும். நீளப் பேரலில் தள்ள இன்னும் கொஞ்சம் நேரம் கிடைப்பதால் வேகம் கூடும், சத்தமும் கொஞ்சம் அடங்கும். சிதறல் வேறு விவகாரம். நேராகச் சுடாத 10 அங்குலப் பேரலை எடுத்துவிட்டு 24 அங்குலம் போட்டால் பெல்லட் இன்னும் வேகமாகக் கோணலாகப் போகும், அவ்வளவுதான்.

அதனால் காசு செலவழிக்கும் முன் கொஞ்சம் துப்பறியுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, பேரல் நுனியின் உள்விளிம்பில் மெல்ல உள்ளிருந்து வெளியே சுற்றி இழுங்கள். ஓரிடத்தில் பஞ்சு நூல் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த விளிம்பைத்தான். அங்கே ஒரு பக்கம் மட்டும் காற்று முன்கூட்டியே கசிந்தால், பெல்லட்டின் பின்பாவாடை (அகன்ற பின்விளிம்பு) ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இதைச் சரிசெய்ய உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூ ஒன்றும் மெக்கானிக் கடையில் கிடைக்கும் வால்வு லேப்பிங் பேஸ்ட்டும் (உலோகத்தைத் தேய்க்கும் பசை) போதும். பேரலுக்குள் பஞ்சு அடைத்துவிட்டு, ஸ்க்ரூவை டிரில்லில் மாட்டி, தலையில் பேஸ்ட் தடவி, நுனியில் வைத்து மெதுவாகச் சுற்ற விடுங்கள். டிரில்லின் பின்பக்கத்தைச் சின்ன வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே கோணத்தில் பிடித்தால் விளிம்பும் கோணலாகிவிடும். முடிந்ததும் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பஞ்சை எடுங்கள்.

அடுத்து, பேரலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 1377-இல் பேரலுக்குப் பிடிமானம் இரண்டே இடங்களில்: பின்னால் ப்ரீச் (பெல்லட் போடும் பின்பகுதி), முன்னால் குறிமுனையைத் தாங்கும் வளையம். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் ஒவ்வொரு பம்ப்புக்கும் பேரல் கொஞ்சம் இடம் மாறும். அசல் ப்ரீச் பிளாஸ்டிக். பம்ப் அடிக்கும்போது அதைப் பிடித்து அழுத்துவது பலருக்கும் உள்ள பழக்கம், அதில் அது நெகிழும். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் பம்ப் செய்கிறீர்களா? ஒரு குண்டுக்கு ஐந்து, அடுத்ததற்கு எட்டு என்றால் வேகம் மாறும், விழும் இடமும் மாறும். இரண்டு மூன்று வகைப் பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். நான் பார்த்த ‘பேரல் போச்சு’ வழக்குகளில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிட்டன.

இத்தனைக்குப் பிறகும் சிதறினால் பேரல்மீது பழி போடலாம். பழைய சொந்தக்காரர் எஃகு பிபி குண்டுகளைப் போட்டுச் சுட்டிருக்கக்கூடும். பெல்லட் மெல்லிய ஈயம், ரைஃப்ளிங் வரிகளில் (பேரலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்கள்) படிந்து போகும். எஃகு குண்டு அப்படியில்லை, வரிகளின் மேல் உரசிக்கொண்டே போகும்.

புதுப் பேரல் வாங்கும்போது வெளிவிட்டம் 7/16 அங்குலம், அதாவது சுமார் 11.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். துளை .177 அங்குலம். இதன் அண்ணன் தம்பியான 1322-இன் பேரலும் வெளியே பார்க்க அதே தடிமன்தான், ஆனால் .22. அதைப் போட்டால் ப்ரீச்சையும் போல்ட்டையும் (பெல்லட்டை உள்ளே தள்ளும் கம்பி) சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். நீளத்தில் 14.6 அங்குலம் போதும் என்பது என் கட்சி. 24 அங்குலம் போட்டால் முன்வளையத்துக்கு அப்பால் ஓர் அடிக்கு மேல் பேரல் அந்தரத்தில் நிற்கும். சுவரில் சாய்த்து வைத்தது ஒருநாள் சரிந்து விழுந்தால் வளைந்துவிடும். கையோடு எஃகு ப்ரீச்சும் வாங்கிவிடுங்கள். சொல்லப்போனால், பேரலைவிட அதுதான் நல்ல முதலீடு. பிடிமானம் உறுதியாகும், ஸ்கோப் மாட்டவும் மேலே தடம் இருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டு, பத்திரமான திசையில் பிடித்து, காக் செய்து (சுடுவதற்குத் தயார்நிலைக்கு இழுத்து) ஒருமுறை ட்ரிக்கரை இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு பம்ப் காற்றை உள்ளேயே விட்டு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதனால் சும்மா கிடந்த துப்பாக்கிதானே என்று நம்பாதீர்கள். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்லட் வைக்கும் பள்ளத்தில் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும், ப்ரீச்சைக் கீழ்க்குழாயோடு இறுக்கும் ஸ்க்ரூ அது. அதன் தலை சுலபமாக மழுங்கும், அளவான கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். ப்ரீச்சைத் தூக்கும்போது வால்வுக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள சின்னக் குழாய் போன்ற சீல் உருண்டு ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், தேடும் வேலை மிச்சம்.

பேரலின் அடிப்பக்கத்தில் காற்று நுழையும் ஓட்டை இருக்கும். புதுப் பேரலில் அதன் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ஒவ்வொரு பெல்லட்டையும் சீவிவிடும், பொடி எமரித் தாளைக் குச்சியில் சுற்றித் தேயுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் இதை விட்டுவிட்டு ஓ-ரிங்கையும் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) வெட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் முழுக்கக் காற்று எங்கே கசிகிறது என்று தேடியதுதான் மிச்சம்.

பேரலைச் சொருகியதும் அதன் ஓட்டையும் ப்ரீச்சின் ஓட்டையும் நேராக வர வேண்டும். அளவான டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பக்கத்தை இரண்டிலும் நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு, பேரலை ப்ரீச்சில் பிடித்து நிறுத்தும் செட் ஸ்க்ரூ. பலர் கெடுப்பது இங்கேதான். ஆலன் கீயை முழுப் பலத்தோடு திருகினால் பேரலின் உட்சுவர் அந்த இடத்தில் மேடு தட்டும், புதுப் பேரலும் பழையது மாதிரியே சிதறும். பிடித்தது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு ஒரு பெல்லட்டை மரக்குச்சியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஸ்க்ரூவுக்கு நேரே மட்டும் இறுகினால் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

எல்லாம் பூட்டியதும் பெல்லட் இல்லாமல் மூன்று பம்ப் அடித்து, ப்ரீச் அருகே டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் ஓ-ரிங்கோ அந்தச் சின்ன சீலோ சரியாக உட்காரவில்லை, திரும்பவும் பிரிக்க வேண்டியதுதான். அசையாவிட்டால் மணல் மூட்டையில் சாய்த்து, அதே 10 மீட்டர், அதே பெல்லட், அதே பம்ப் எண்ணிக்கையில் ஐந்து சுட்டு, பழைய பேரலில் சுட்ட குறி அட்டையோடு ஒப்பிடுங்கள். பழைய பேரலைத் தூக்கி எறிய வேண்டாம். நுனியைத் தேய்த்துப் பழக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.