ஆதாரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் கணவர் போன வருடம் விபத்தில் இறந்துவிட்டார். 9 வயது மகளோடு இன்னமும் கணவர் வீட்டில்தான் இருக்கிறாள். மாமனார், மாமியார், கல்யாணமாகாத கொழுந்தனார் எல்லோரும் ஒரே வீடு. தங்கை ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர ராத்திரி ஒன்பதாகிவிடும். பள்ளி லீவுக்கு என் வீட்டுக்கு வந்த பிள்ளை, திரும்பிப் போக மாட்டேன் என்று அழுகிறாள். தூக்கத்தில் பாயை நனைக்கிறாள். முன்பு அந்தப் பழக்கம் கிடையாது. குளிக்கப் போனால் தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாள். ஒரு நாள், "சித்தப்பா எனக்கு மட்டும் போன்ல படம் காட்டுவாரு, யாருகிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். மேலே கேட்டால் வாயை மூடிக்கொள்கிறாள். தங்கையிடம் சொன்னேன். "அப்பா போன ஏக்கம் அக்கா. அவர்தான் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகிறார். இதைக் கிளப்பினால் நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்" என்கிறாள். இன்னும் ஒரு வாரத்தில் பள்ளி திறக்கிறது. கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல் புகார் கொடுத்தால் என் மேல் வழக்கு வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மேல் வழக்கு வராது, சகோதரி. சந்தேகம் வந்த பிறகும் சும்மா இருந்தால்தான் சட்டம் உங்களைக் கேள்வி கேட்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19 சொல்வது இதுதான்: ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது யாராக இருந்தாலும் கடமை. அந்தப் பிரிவு ஆதாரம் கேட்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி கேட்கவில்லை. ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை, நடந்ததா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் தொடுக்க முடியாது என்று 19(7) பாதுகாப்பும் தருகிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 22, ஒருவரை அவமானப்படுத்தவோ, பணம் பறிக்கவோ, மிரட்டவோ, அவதூறு செய்யவோ தெரிந்தே பொய் சொன்னவர்களுக்கானது. பிள்ளையின் பேச்சையும் நடத்தையையும் பார்த்துப் பயந்துபோன பெரியம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்ப்போம். பாயை நனைப்பதும் ஊருக்குப் போக மறுப்பதும் அப்பாவை இழந்த குழந்தைக்கு வரக்கூடியதுதான். அந்த அளவில் உங்கள் தங்கை சொல்வது தவறில்லை. ஒற்றை அடையாளத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் துக்கம் குழந்தையிடம் ரகசியம் காக்கச் சொல்லாது. பெரியவர் ஒருவர் குழந்தைக்கு மட்டும் ஒன்றைக் காட்டி, யாரிடமும் சொல்லாதே என்று கட்டளை போட்டிருக்கிறார். என் கவனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. குழந்தையை நெருங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: முதலில் தனிச் சலுகை, அப்புறம் ரகசியம், பிறகு அந்த ரகசியத்தை வைத்தே பயமுறுத்தல். அவர் காட்டியது ஆபாசப் படம் என்றால், தொடவே இல்லை என்றாலும், அது பிரிவு 11-இன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. அதோடு தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது, குறிப்பிட்ட அந்த வீட்டுக்கு மட்டும் போக மறுப்பது எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

"சொந்தச் சித்தப்பா அப்படிச் செய்வாரா?" என்று உங்கள் தங்கை கேட்பார். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பேட்டி கண்ட குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்பி இருந்தவர்கள். சட்டமும் இதை அறிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. ரத்த உறவினர், திருமண வழி உறவினர், ஒரே வீட்டில் வசிப்பவர் இந்தக் குற்றத்தைச் செய்தால் அது கடுமையாக்கப்பட்ட குற்றமாகிறது. தவறான தொடுதலுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு. வன்புணர்வு என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இருபது ஆண்டு.

சரி, அந்த வீட்டில் ஆபத்து எவ்வளவு என்று எப்படிக் கணிப்பது? அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று யோசிக்க ஆரம்பித்தால் முடிவே கிடைக்காது. அவர் பிள்ளையோடு தனியாக இருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மாலை பள்ளி விட்டதிலிருந்து இரவு ஒன்பது வரை அம்மா வீட்டில் இல்லை. டியூஷனுக்குக் கூட்டிப் போவது அவர். அடுத்ததாக, பிள்ளை வாயைத் திறந்தால் அந்த வீட்டில் யார் அவள் பக்கம் நிற்பார்கள்? தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அவர் மகன். அம்மாவோ கூரை போய்விடும் என்று பயந்து நிற்கிறார். சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று குழந்தைக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்து, அதுவும் பாதியில் நிறுத்தி, சொல்லியிருக்கிறாள். குடி, அடிதடி, மிரட்டல் அந்த வீட்டில் உண்டா, அவள் உடம்பில் காரணம் சொல்ல முடியாத காயம் இருந்திருக்கிறதா, கேட்கும்போதெல்லாம் வேறு வேறு காரணம் சொல்கிறார்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்தே சொல்கிறேன்: இப்போதிருக்கும் ஏற்பாட்டுக்குள் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

தங்கை சம்மதித்தால் பிள்ளை உங்களிடமே இருக்கட்டும். சம்மதிக்காமல் அழைத்துப் போக வந்தால் கதவைச் சாத்திச் சண்டை போடாதீர்கள். தாய்தான் காப்பாளர், அந்த வாக்குவாதத்தில் சட்டப்படி உங்கள் பக்கம் பலவீனமானது. அதற்கு முன்பே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது பிள்ளையோடு நேராக மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போங்கள். சிறார் நீதிச் சட்டம், 2015, பிரிவு 31-இன்படி பொதுநல அக்கறை உள்ள எந்தக் குடிமகனும் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுபோகலாம். குழு அன்று கூடவில்லை என்றால் ஒரு உறுப்பினரிடம் போனாலும் போதும். குழந்தையைத் தற்காலிகமாக யாரிடம் வைப்பது என்று உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. தகுதியுள்ள நபராக உங்களை ஏற்று உங்களிடமே ஒப்படைக்கவும் முடியும்.

அதுவரை பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது மிக முக்கியம். இந்த மாதிரி வழக்குகள் பலவற்றில் சேதம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. பெரியப்பா ஒரு முறை, பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு முறை, அத்தை ஒரு முறை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். "அங்கே தொட்டாரா, இங்கே தொட்டாரா?" என்று பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பார்கள். பின்னால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், "பெரியம்மா சொல்லிக் கொடுத்தது" என்று சுலபமாக வாதாடிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டாம். அவளாகப் பேசும்போது செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்கு மேல் போகாதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு ரகசியத்தைச் சுமப்பவளுக்கு இன்னொன்று வேண்டாம். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, மழலையாக இருந்தாலும் திருத்தாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கூடப் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே போகக் கூடாது. கொழுந்தனாரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். போனில் இருப்பதை அழிக்கவும் பிள்ளையை மிரட்டவும் அவருக்கு நேரம் கொடுத்ததாக ஆகிவிடும்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். கோயம்புத்தூரிலேயே கொடுக்கலாம். சம்பவம் திருப்பூரில் என்று சொல்லித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமையில்லை. எல்லை பார்க்காமல் எஃப்ஐஆர் பதிந்து அங்கே மாற்ற வேண்டும். உங்கள் தங்கையின் கையெழுத்தும் தேவையில்லை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போக வேண்டிய அவசியமும் கிடையாது. போக்சோ சட்டத்தின் பிரிவு 24-இன்படி வாக்குமூலத்தை அவள் இருக்கும் வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ பதிவு செய்யலாம். கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். மருத்துவப் பரிசோதனை என்றால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். எஃப்ஐஆர் போட்டால்தான் பார்ப்போம் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. பரிசோதனையில் காயம் இல்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். தொடுதலோ படம் காட்டுதலோ உடம்பில் தடம் விடுவதில்லை. நீதிமன்றங்கள் இதை அறிந்தவைதான்.

பிள்ளையைக் காப்பகத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் பல தாய்மார்களின் வாயை அடைக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். குழந்தையை அந்த வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்யும். அப்போது குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். கவனித்துக்கொள்ளத் தகுதியான பெற்றோரோ வேறு பெரியவரோ இருக்கிறார்களா, குழந்தையின் வயது, உடல்நிலை, குடும்பத்தில் முன்பு வன்முறை இருந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து, "பிள்ளை எங்களோடு கோயம்புத்தூரில் இருப்பாள், அவர் நெருங்க முடியாது" என்று திட்டமாகச் சொன்னால், காப்பகத்துக்கு அனுப்பக் காரணமே இருக்காது. அம்மாவே நம்ப மறுத்து, அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன் என்று நின்றால்தான் குழு வேறு மாதிரி யோசிக்கும். இதைத் தங்கையிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

தெருவில் நிற்க வேண்டும் என்ற அவருடைய பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் இறந்தபின் மாமியார் வீட்டில் வாழும் பெண்ணை அத்தனை சுலபமாக வெளியே தள்ள முடியாது. குடும்ப வன்முறைச் சட்டம், 2005, பிரிவு 17 பகிர்ந்து வாழும் வீட்டில் வசிக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அதே சட்டத்தில் பிரிவு 19-இன் கீழ், கொடுமை செய்யும் ஆண் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். போக வேண்டியது பிள்ளைதான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். போக வேண்டியது அவர். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் இந்த மனுவைத் தயாரிக்க உதவுவார். தங்கை இந்து என்றால், கணவர் பெயரில் இருந்த சொத்தில் அவருக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சம பங்கு உண்டு. வீடு மாமனாரின் சுய சம்பாத்தியம் என்றால் அதில் இப்போதைக்குப் பங்கு கேட்க முடியாது; ஆனாலும் வசிக்கும் உரிமையை வைத்துப் போராடலாம்.

புகார் கொடுத்த மறுநாளே சொந்தக்காரர்கள் பஞ்சாயத்து பேச வருவார்கள். பெண் பிள்ளை, நாளைக்கு வாழ வேண்டியவள் என்பார்கள். மன்னிப்புக் கடிதம், வீட்டில் ஒரு பங்கு, சித்தப்பாவுக்கு உடனே கல்யாணம் என்று ஏதாவது ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள். போக்சோ வழக்கை இரு தரப்பும் தாங்களாகப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பேச வந்தவர்களின் பெயரையும் சொன்னதையும் அதே நோட்டில் எழுதி, விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். இந்த நெருக்கடியில் பிள்ளை ஒரு கட்டத்தில், "அப்படி ஒண்ணும் நடக்கல" என்று மாற்றிச் சொல்லவும் கூடும். அவள் முதலில் பொய் சொன்னாள் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் அழுவதைப் பார்க்கும் குழந்தை, தன்னால்தான் வீடு உடைகிறது என்று நினைத்துக்கொள்ளும். அவளோடு இருந்து வழக்கு முடியும் வரை துணை நிற்க, குழந்தைகள் நலக் குழு ஆதரவு நபர் ஒருவரை நியமிக்கும். தாமதம் ஆனால் எழுத்து மூலம் கேளுங்கள். மனநல ஆலோசனையும் அவர் வழியாகவே ஏற்பாடாகும்.

விசாரித்ததில் காட்டியது வெறும் கார்ட்டூன் என்றுகூடத் தெரியலாம். அப்படியானால் நல்லதுதான், புகார் அதோடு நிற்கும், நல்லெண்ணத்தோடு கொடுத்த உங்களுக்கு எந்தச் சிக்கலும் வராது.

பணச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இன்று 1098-க்குப் பேசுங்கள். பிள்ளை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் தேதியையும் முதலில் எழுதிக்கொண்டு, நாளை காலை மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரின் நகலையும் எஃப்ஐஆர் நகலையும் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையையும் கூட வரச் சொல்லிப் பாருங்கள். அவர் வரவில்லை என்றாலும் நீங்கள் போங்கள்.