முதல் ஈற்றிலேயே எட்டுக் குட்டிகள்: தாய்ப் பூனைக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனைக்கு இரண்டு வயதாகிறது. மூன்று நாட்களுக்கு முன் முதன்முறையாக எட்டுக் குட்டிகளை ஈன்றது. எட்டும் உயிருடன் இருக்கின்றன. ஆனால் இரண்டு மட்டும் மிகச் சிறியவையாக இருப்பதால் மற்றவை அவற்றைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கின்றன. தாயும் அவ்வப்போது எழுந்து வெளியே போய்விடுகிறது. பால் போதுகிறதா என்று எப்படி அறிவது? பசும்பால் கொடுக்கலாமா? நாங்கள் தொட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: பூனைகள் ஓர் ஈற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும், எட்டு என்பது பெரிய ஈற்றுதான். பெரும்பாலான பூனைகளுக்குக் காம்புகளும் எட்டே என்பதால், அவற்றில் ஒன்றில் பால் சரியாகச் சுரக்காவிட்டாலும் ஏதோ ஒரு குட்டி அரைவயிற்றோடு கிடக்க நேரும். அதற்காகக் குட்டிகளைப் பிரித்தெடுத்துப் புட்டிப்பாலில் வளர்க்க முனைய வேண்டாம். குட்டிகள் உறிஞ்ச உறிஞ்சத்தான் மடியில் பால் ஊறும். தேவைக்கு மேல் நாம் புகட்டினால் அவை காம்பை நாடுவது குறையும், அதைத் தொடர்ந்து பால் சுரப்பும் குறையும். எட்டுக் குட்டிகளுக்கும் நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, தாயை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதே. எந்தக் குட்டிக்கு, எப்போது, எவ்வளவு கைகொடுப்பது என்பதை மட்டும் தராசைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொட்டால் ஒதுக்கிவிடும் என்ற அச்சத்தை முதலில் விட்டுவிடலாம். உங்களோடு பழகிய வீட்டுப் பூனை, உங்கள் கை வாசனை பட்டதற்காகக் குட்டியைக் கைவிடாது. அதற்கு ஒவ்வாதவை வேறு: அந்நியர் வந்து எட்டிப் பார்ப்பது, கூச்சல், கண்ணைக் கூசும் விளக்கு, நாய் அல்லது வேறு பூனையின் நடமாட்டம். இவை தொடர்ந்தால் முதல் ஈற்றுப் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்க் கண்ணில் படாத மூலையில் வைத்துவிடும். சில வேளைகளில் ஒன்றிரண்டை அப்படியே மறந்தும் விடும். ஆகவே ஒருவரோ இருவரோ மட்டும், கைகளைக் கழுவிக்கொண்டு, தாய் உணவு உண்ணப் போயிருக்கும் நேரத்தில் குட்டிகளைக் கையாளுவது நல்லது.

பால் போதுகிறதா என்ற கேள்விக்கு விடை எடையில் இருக்கிறது. கிராம் அளவைத் துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு ஒன்று போதும். அதன்மேல் ஒரு சிறு கிண்ணத்தையும் மெல்லிய துணியையும் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், முடிந்தால் முதல் வாரத்தில் காலை மாலை இருவேளையும், ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து எழுதி வையுங்கள். பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 90 முதல் 110 கிராம் வரை இருக்கும். அதன்பின் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூட வேண்டும். இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையைப் போல் இரு மடங்கை எட்ட வேண்டும். பிறந்த முதல் நாளில் சற்றுக் குறைவது உண்டு. அதன்பிறகு குறையக் கூடாது. ஒரு முழு நாளில் எடை கூடாத குட்டிக்குக் கூடுதல் கவனம் தேவை. எடை குறைந்த குட்டிக்கு அன்றே உதவி தேவை. சிறிய குட்டி என்பதாலேயே அது ஆபத்தில் இருக்கிறது என்று பொருளில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 80 கிராமில் பிறந்து நாளுக்கு 10 கிராம் கூடும் குட்டி, 110 கிராமில் பிறந்து அசையாமல் நிற்கும் குட்டியைவிட நல்ல நிலையில் இருக்கிறது. குட்டிகள் ஒரே நிறமாக இருந்தால், ஒன்றுக்கு முதுகிலும் மற்றொன்றுக்குத் தொடையிலும் என முடியைச் சிறிது கத்தரித்து அடையாளம் வைக்கலாம். கழுத்தில் நூலோ நாடாவோ கட்ட வேண்டாம். வேகமாக வளரும் கழுத்தை அது இறுக்கிவிடும், தாயின் பல்லிலும் சிக்கும்.

எடைக்கு அடுத்தபடியாக, பால் குடிக்கும் விதத்தைச் சில நிமிடங்கள் உற்றுப் பாருங்கள். உண்மையாகக் குடிக்கும் குட்டியின் நாக்கு காம்பைச் சுற்றிக் குழிந்திருக்கும். முன்னங்கால்கள் இரண்டும் மடியை மாறி மாறி அமுக்கும். விழுங்கும் தாளத்தோடு காதுகள் இலேசாகத் துடிக்கும். குடித்து முடித்ததும் வயிறு உருண்டு, தொட்டால் மென்மையாக இருக்கும், குட்டி அப்படியே உறங்கிவிடும். பால் கிடைக்காத குட்டியோ காம்பைப் பற்றுவதும் நழுவுவதுமாகத் தலையை ஆட்டித் தேடிக்கொண்டே கத்தும்; வயிறு தட்டையாகவும் தோல் தளர்ந்தும் இருக்கும்.

அந்த இரண்டு சிறு குட்டிகளுக்கும் முதலில் செய்ய வேண்டியது இடம் பெற்றுத் தருவதுதான். பிறந்த சில நாட்களிலேயே குட்டிகள் தமக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். வலியவை விரும்பியதை எடுத்துக்கொள்ள, மெலிந்தவை எதுவும் நிலையாகக் கிடைக்காமல் அலையும். எனவே, நன்றாக எடை கூடிவரும் நான்கு குட்டிகளை எடுத்து, கதகதப்பான துணி விரித்த சிறு பெட்டியில், தாயின் கண்ணில் படும்படி பக்கத்திலேயே வையுங்கள். அந்த நேரத்தில் சிறியவற்றை வயிறு கீழாகப் பிடித்து, பால் சுரக்கும் காம்பருகே வாயைக் கொண்டுசெல்லுங்கள். அவை இருபது முப்பது நிமிடம் நிதானமாகக் குடித்த பின் பெரியவற்றைத் திரும்ப விடலாம். இதை இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை செய்தாலே, பல சிறு குட்டிகள் புட்டிப்பால் இல்லாமல் தேறிவிடும். பிரித்து வைக்கும்போது தாய் பதறினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் அமைதியே பால் இறங்குவதற்கு அடிப்படை.

இப்படிச் செய்தும் எடை கூடாத குட்டிக்குத் துணைப்பால் தரலாம். ஆனால் அது பசும்பாலாக இருக்கக் கூடாது. பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பசும்பாலிலோ லாக்டோஸ் மிகுதி. அதனால் கழிச்சல் கண்டு, நூறு கிராம் உடம்பில் உள்ள நீர்ச்சத்து சில மணி நேரத்தில் வற்றிவிடும். ஆட்டுப்பாலும் இதற்கு ஈடாகாது. பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்மாவை வாங்கி, உறையில் குறித்த அளவு நீரில் மட்டும் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாக, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவில், இருக்கும்போது கொடுங்கள். முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம். தாயிடமும் குடிக்கும் குட்டிக்கு அதில் பாதியே போதுமானதாக இருக்கும்.

புகட்டும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் பாலூட்டினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும்; பிறந்த குட்டிகள் அதிலிருந்து மீள்வது அரிது. தாயிடம் குடிக்கும்போது இருப்பதைப் போலவே வயிறு தரையில் படிய, தலை சற்றே உயர்ந்து இருக்க வேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் பால் ஒழுகாமல் சொட்டாக நிற்க வேண்டும். சிரிஞ்சு பயன்படுத்தினால் குட்டி உறிஞ்சும் வேகத்திற்கே விட வேண்டும். அழுத்திப் பீய்ச்சக் கூடாது. உறிஞ்ச மறுக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றவே கூடாது.

உறிஞ்ச மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குளிர். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் பால் இருந்தும் குட்டிகள் இறப்பது இங்கேதான். பிறந்த முதல் வாரங்களில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. உடல் குளிர்ந்ததும் குடலியக்கம் மந்தமாகிறது. அந்நிலையில் பால் புகட்டினால் செரிக்காமல் வயிற்றில் தேங்கும், மேலேறி மூச்சுக்குழாய்க்கும் போகும். சுத்தமான விரல் நுனியைக் குட்டியின் வாயில் வைத்துப் பாருங்கள். வாய் கதகதப்பாக இருந்து விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும். உங்கள் உடலோடு ஒட்டி, சட்டைக்குள் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீரில் அமிழ்த்துவது, நேரடியாக விளக்கின் அடியில் வைப்பது போன்ற அவசர வழிகள் கேடு செய்யும்.

ஈன்ற பெட்டியின் உள்ளே முதல் வாரத்தில் 29 முதல் 32 டிகிரி வரை வெப்பம் இருப்பது நல்லது; பின்னர் வாரந்தோறும் சிறிது குறைத்துக்கொள்ளலாம். வெந்நீர்ப் பையோ மின்வெப்ப விரிப்போ வைத்தால், துணியால் மூடி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு மிகும்போது குட்டிகள் ஊர்ந்து விலக மறுபாதி வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். தனித்தனியே விலகி வாய் திறந்து கிடந்தால் சூடு அதிகம். தாய் கால் நீட்டி முழு நீளத்திற்கும் படுக்க இடம் இருக்க வேண்டும். இடம் நெருக்கமானால் எட்டில் ஒன்று தாயின் அடியில் நசுங்கிவிடக்கூடும்.

தாய் எழுந்து போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். குட்டிகள் வயிறு நிறைந்து உறங்கும்போது அது சற்று விலகிப் படுப்பதும், மலங்கழிக்கப் போவதும் இயல்பே. குட்டிகள் கத்தும்போதும் பல மணி நேரம் திரும்பாமல் இருந்தால்தான் நோயோ வலியோ உண்டா என்று பார்க்க வேண்டும். உணவு, நீர், மண்தட்டு மூன்றையும் பெட்டிக்கு அருகிலேயே வைத்துவிட்டால் அது நெடுநேரம் பிரிந்திருக்கத் தேவை இராது. எட்டுக் குட்டிகளுக்குப் பாலூட்டும் பூனைக்கு, பால் சுரப்பு உச்சத்தை எட்டும் மூன்றாம், நான்காம் வாரங்களில், வழக்கமான உணவைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை ஆற்றல் தேவைப்படும். இதை அளந்து வைக்காதீர்கள். வளரும் குட்டிகளுக்கான செறிவான உணவை எந்நேரமும் கிடைக்கும்படி வையுங்கள். நீர் கலந்த ஈர உணவும் சேர்த்துக் கொடுங்கள், ஏனெனில் பாலில் பெரும்பகுதி நீர்தான். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தத் தொடங்கினால் உணவு போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பெரிய ஈற்றில் தாய்க்கு வரும் மூன்று இடர்களை அறிந்து வைத்திருங்கள். இரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சல் இவற்றுள் கொடியது. ஈன்ற முதல் சில வாரங்களில் வரக்கூடியது. தாய் நிலைகொள்ளாமல் அலையும், மூச்சிரைக்கும், கால்கள் விறைக்கும், தசைகள் நடுங்கும், பின்னர் வலிப்பு வரும். நடுக்கத்தைக் கண்டதுமே, நள்ளிரவானாலும், குட்டிகளைத் தாயிடமிருந்து விலக்கிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் நரம்பு வழியாகக் கால்சியம் செலுத்தினால் பெரும்பாலும் விரைவில் தெளியும். முன்னெச்சரிக்கை என்று நீங்களாகவே கால்சியம் மாத்திரை கொடுக்காதீர்கள். இரண்டாவது மடிநோய்: தினமும் எட்டுக் காம்புகளையும் தடவிப் பாருங்கள்; எங்காவது கல்லைப் போல் இறுகி, சூடாக, சிவந்தோ கருநீலமாகவோ இருந்தால் சிகிச்சை தேவை. மூன்றாவது கருப்பைத் தொற்று: செம்பழுப்பு நிறத்தில் சிறிதளவு கசிவு இரண்டு மூன்று வாரம் வரை இருக்கலாம், துர்நாற்றமோ சீழோ இருந்து, தாய் உணவை மறுத்தால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது உயிர்க்கொல்லி. நாய்களுக்கான உண்ணி மருந்தும் அப்படியே.

குட்டிகளில் ஒன்று திடீரெனத் தளர்ந்து, கூட்டத்தை விட்டு விலகி, மெல்லிய குரலில் ஓயாமல் முனகினால், சூடேற்றியபடியே மருத்துவரிடம் புறப்படுங்கள். போகும் வழியில் ஈறில் ஒரு சொட்டு சர்க்கரைக் கரைசல் தடவலாம். அந்த இரு சிறு குட்டிகள் முதல் நாளிலேயே சீம்பால் குடித்தனவா என்பது ஐயமாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் ஏற்பது பிறந்த முதல் நாளோடு ஏறக்குறைய முடிந்துவிடுவதால், அத்தகைய குட்டிகளைத் தொற்றிலிருந்து இன்னும் கவனமாகக் காக்க வேண்டியிருக்கும். உங்கள் எடைக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

இரண்டாம் வாரத்திற்குள் கண்கள் திறக்கும். அதே சமயம் குடற்புழு மருந்து தொடங்குவது பற்றி மருத்துவரைக் கேட்கலாம். நான்காம் வாரம் நெருங்கும்போது, பால்மாவில் குழைத்த குட்டி உணவைத் தட்டையான தட்டில் வைத்துப் பழக்குங்கள். பெரிய ஈற்றில் தாயின் சுமையை இறக்கிவைக்க இதுவே தக்க காலம். மண்தட்டில் நீர் பட்டால் கட்டியாகும் மணலை அப்போது போட வேண்டாம், குட்டிகள் அதைத் தின்று பார்க்கும்.

பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே பூனை மீண்டும் சினைப்படக்கூடும். ஈன்ற சில வாரங்களிலேயே அது பருவத்திற்கு வரலாம். எட்டுக் குட்டிகளுக்குப் பாலூட்டி இளைத்த உடம்பு உடனே இன்னொரு சினையைத் தாங்காது. எனவே குட்டிகள் பால் மறக்கும் வரை அதை வெளியே விடாதீர்கள். ஆண் பூனை வீட்டிலேயே இருந்தால் தனியறையில் வையுங்கள். பால் மறந்து மடி வற்றிய பின் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்.