முகாமுக்குப் போகாத பிள்ளைகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் சுங்கை சிப்புட்காரி. கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் உளவியல் முதலாண்டு படிக்கிறேன். மனித மனத்தைப் பற்றிப் படிக்கலாம் என்று போனால், முதல் பருவம் முழுக்க மாறி, மாதிரி, கருதுகோள், கட்டுப்பாட்டுக் குழு என்று ஆய்வுமுறைகளையே நடத்துகிறார்கள். இது நிஜமாகவே அறிவியலா, இல்லை அறிவியல் வேஷமா என்று எனக்குச் சந்தேகம்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் இன்னொரு சிக்கல். என் மாமா வருடாவருடம் கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஞாபகசக்தி முகாம் நடத்துகிறார். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களைச் சேர்த்துக்கொள்வார். தலைக்கு 150 ரிங்கிட். 30 பேர் சேர்ந்ததும் பதிவை மூடிவிடுவார், அதற்கப்புறம் வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள். எஸ்.பி.எம்.முக்கு முன் பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வுதான் டிரையல். "வந்ததில் முக்கால்வாசிப் பேர் டிரையல் தேர்வில் ஏறிட்டாங்க" என்கிறார். "மாமா, தொடர்பு வேறு, காரணம் வேறு" என்றேன். "நாலு புத்தகம் படிச்சிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறியா? என் கண்ணால பார்த்தேன்மா" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் என்னைத்தான் திட்டினார். நான் சொன்னது தவறா?

ச., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ச.,

சொன்னதில் தவறில்லை. ஆனால் கண்ணால் பார்த்தேன் என்கிற மனிதரிடம் போய் ஒரு வாய்பாட்டை ஒப்பித்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். பதினாறு வயதில் நானும் இதே வேலையைச் செய்து வாங்கிக்கட்டிக்கொண்டவன்.

நான் வளர்ந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அம்மா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு பால் வெட்டப் போவார். வாளியோடு கொட்டகைக்குத் திரும்பி பால் நிறுக்கும்போது, தோட்டத்துக் கணக்கரான கிராணி எடையைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அம்மாவுக்குக் 'கைராசிக்காரம்மா' என்றே பெயர். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் நாள் தங்கள் உளியை அம்மா கையில் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் காட்டுக்குள் இறங்குவார்கள்.

ஒரு தடவை அறுவை சிகிச்சை ஆகி அம்மா இரண்டு மாதம் படுத்துவிட்டார். அவர் பால் வெட்டும் மர வரிசையை, அதாவது நிரையை, ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். நான் அப்போது கிராணிக்குக் கணக்கு எழுத உதவிக்கொண்டிருந்தேன். பார்த்தால், அந்தப் பெண்ணின் எடையும் அம்மாவின் எடையும் ஏறக்குறைய ஒன்று. அப்புறம்தான் மரங்களைக் கவனித்தேன். அம்மாவின் நிரை ஓடையோரத் தாழ்வில், எல்லாம் இளமரங்கள். மற்றவர்களுக்கு மேட்டில், பட்டை தேய்ந்த கிழமரங்கள். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இதை லயத்துப் பெண்களிடம் போய்ச் சொன்னேன். "அக்கா கை பட்ட மரம்டா, ராசி இன்னும் நிக்குது" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

அம்மா வெட்டிப் பால் கூடினாலும் ராசி, அம்மா இல்லாமல் கூடினாலும் ராசி. என்ன நடந்தால் ராசி இல்லை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. படித்தவர்களும் இதில் விழுவார்கள். 1919-இல் வியன்னாவில், பின்னாளில் அறிவியல் தத்துவத்தில் பெயர் பெற்ற கார்ல் பாப்பர் என்ற இளைஞர், உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். ஆட்லரின் கொள்கைக்கு அது பொருந்தும் என்று பாப்பருக்குப் படவில்லை. ஆட்லரோ குழந்தையைப் பார்க்காமலேயே தாழ்வுணர்ச்சி என்று விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டால், ஆயிரம் தடவை பார்த்த அனுபவம் என்றாராம். அப்படியானால் இதோடு ஆயிரத்தொன்று ஆகிவிட்டது என்று தான் சொன்னதாகப் பாப்பர் எழுதியிருக்கிறார். உங்கள் மாமா ஆட்லர் ஜாதி. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குத் திறமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உளி கொஞ்சம் அதிகம் இறங்கினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அந்த நுணுக்கம் அம்மாவின் கையில் இருந்தது. பதிலுக்கு வந்த பெண்ணும் கெட்டிக்காரியாக இருந்திருக்கலாம். கை எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எடைக்கணக்குக்கு வக்கில்லை, அவ்வளவுதான்.

பிரிக்கிற வழியும் மண்ணிலிருந்துதான் வந்தது. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலிடம் விட்டுவிட வேண்டும் என்றார். 1935-இல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார். இல்லாவிட்டால் நமக்கே தெரியாமல் நல்ல உரத்தை நல்ல மண்ணில் போட்டுவிட்டு, உரத்தைப் புகழ்ந்துகொண்டிருப்போம். உங்கள் பாடத்தில் பங்கேற்பாளர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரிக்க வேண்டும் என்று நடத்துகிறார்களே, அது இந்தப் பாத்தி வேலைதான். நம் கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல. அங்கே தலைவரின் மருமகனுக்குக்கூடச் சலுகை கிடையாது. சரி, கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது முகாம். மாமா மதிப்பெண் குறைந்தவர்களைச் சேர்க்கிறார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. வழக்கமாக 50 வாங்குகிற பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டுத் தேர்வன்று காய்ச்சல், படிக்காத பாடத்திலிருந்து கேள்வி. 38-இல் நின்றுவிட்டான். மாமாவின் பட்டியலில் ஏறிவிடுகிறான். அடுத்த தேர்வில் காய்ச்சல் இல்லை, அவன்பாட்டுக்கு 50-க்கு வந்து சேருவான். முகாம் நடந்தாலும் வருவான், மண்டபம் பூட்டிக் கிடந்தாலும் வருவான். அதே அரையாண்டில் அதிர்ஷ்டத்தில் 62 வாங்கிய இன்னொரு 50-காரன் அடுத்த முறை இறங்குவான். அவனை மாமா பார்க்கப் போவதில்லை. சராசரியை நோக்கித் திரும்புவது என்று இதற்குப் பெயர். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் பெற்றோரைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதை வைத்து 1886-லேயே ஃபிரான்சிஸ் கால்டன் எழுதிவிட்டார். இது போக, டிரையல் நெருங்கினால் ஊரில் எல்லாப் பிள்ளைகளும்தான் புத்தகத்தைத் தொடுகிறார்கள்.

அதனால்தான் திரும்பிப் போன பிள்ளைகள் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். அவர்களும் மதிப்பெண் குறைந்தவர்கள், அவர்களும் சேர ஆசைப்பட்டவர்கள். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் ஏறியிருந்தால், 150 ரிங்கிட் எதற்கு என்று கேட்கலாம். ஏறாமல் இருந்தால், மாமாவின் பக்கம் கொஞ்சம் நியாயம் சேருகிறது. ஆனாலும் முந்தி வந்தவர்கள் அக்கறையான குடும்பங்களாக இருக்கலாம். அடுத்த வருடம் 60 பேர் வந்தால் சீட்டுக் குலுக்கி 30 பேரை முதலிலும் மீதிப் பேரை டிரையலுக்கு அப்புறமும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு கூட்டத்தையும் டிரையல் மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடலாம். தாள் திருத்துகிறவருக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் அவரை அறியாமலே கை சாயும். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் விழித்தது என்று 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை இம்மியளவு அசைந்தது. குதிரை அதைப் படித்தது. அசைந்தவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை.

வேஷமா என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2015-இல் உளவியலாளர்களே கூடி, அச்சில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதலில் 97 சதவீதத்தில் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு, வந்திருந்தது. இரண்டாம் முறை 36 சதவீதம்தான் தேறியது. அசிங்கம்தான், ஆனால் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த வகையில் மாமாவின் பதிவேடு அரிய சரக்கு. தூக்கிப்போட விட்டுவிடாதீர்கள்.

அந்த எடைக்கணக்கை அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. மரியாதையா, கோழைத்தனமா என்று எனக்கே தெரியாது. ஆனால் அம்மா தன் கைராசிக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. மாமா வாங்குகிறார். அதனால் நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். காலையில் பசியாற உட்காரும்போது, கோயில் கமிட்டிக்காரர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "மாமா, போன வருஷம் இடமில்லாமத் திரும்பிப் போன பிள்ளைங்க யார் யாரு?" என்று மட்டும் கேளுங்கள்.