சிறு நகரங்கள் சேர்ந்து ஒரே பொலிஸ் சேவையை வைத்துச் செலவைப் பங்கிடுவது மலையகத்தில் சரிவருமா?

பொலிஸ் என்றால் சரிவராது, சட்டத்தில் இடமில்லை. இராக்காவல் என்றால் சரிவரும். நாங்கள் செய்தோம், இன்றும் அரைகுறையாகச் செய்கிறோம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் குட்டி நகரங்கள் காசு சேர்த்துப் பொலிஸ் வைத்துக்கொள்வதைச் சொல்லி, நம் பக்கத்துப் பிரதேச சபைகளும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால் உங்கள் கடைக் கூரைத் தகரத்தையும் யாரோ கழற்றியிருக்க வேண்டும். சும்மா இருக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பொலிஸ் ஒரே தேசிய சேவை, பொலிஸ் மா அதிபரின் கீழ். சம்பளம், ஜீப், டீசல் எல்லாம் கொழும்பிலிருந்து வரவேண்டும். 1987 இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதி வைத்தது, ஆனால் எந்த மாகாணத்துக்கும் அதைக் கொடுக்கவில்லை. மத்திய மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. மாகாணத்துக்கே கிடைக்காதது பிரதேச சபைக்கு எங்கே கிடைக்கப் போகிறது? ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: நீதிமன்றத் தண்டப்பணத்தில் உள்ளூராட்சி சபைகளுக்கும் பங்கு வருகிறது. பொலிஸ் பிடித்துக் கொடுப்பதில் வரவு இருக்கிறது, பொலிஸுக்காகச் செலவு இல்லை. எந்தச் சபையாவது வலிய வந்து ‘நாங்களும் ஒரு பங்கு போடுகிறோம்’ என்று சொல்லுமா?

நீங்கள் சொன்ன ஊர்கள் வேறு மாதிரி. கலிபோர்னியாவில் லேக்வுட் என்ற நகரம் 1954 இல் உருவானபோதே தனக்கெனப் பொலிஸ் வைக்காமல் மாவட்டப் பொலிஸை நடத்தும் ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. கனடாவில் தேசியப் பொலிஸை ஒப்பந்தத்தில் எடுக்கும் நகரங்களில், 5,000 முதல் 15,000 பேருக்குள் உள்ளவை செலவில் 70 வீதம் கட்டுகின்றன, அதற்கு மேல் போனால் 90 வீதம். அங்கே நகர சபைக்கு வரி போடவும் அதிகாரம், ஒப்பந்தம் போடவும் அதிகாரம்.

இனி எங்கள் கதை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரே பாதையில் அடுத்தடுத்து மூன்று சின்னக் கடைவீதிகள். பெயர் வேண்டாம், எல்லோரும் தெரிந்த முகங்கள். நடுவில் ஓர் ஓயா, அதாவது சிற்றாறு, அதன் மேல் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொலிஸ் பிரிவு, அந்தப் பக்கம் இன்னொன்று. என் கடையில் கூரையைப் பிரித்து இறங்கியவர்கள் அரிசியைத் தொடவில்லை. பால்மா, சிகரெட், ரீலோட் கார்டு மட்டும்தான். சுமக்கத் தெரிந்தவர்கள். பொலிஸ் அவசர இலக்கமான 119 க்கு எடுத்தேன். அங்கிருந்து நிலையத்துக்குப் போய், நிலையத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. முதல் கேள்வியே, “பாலத்துக்கு எந்தப் பக்கம்?”

பொலிஸாரைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அன்று கொட்டிய மழையில், இருக்கிற ஒரே ஜீப்பும் தோட்டத்துப் பக்கம் ஒரு சண்டைக்குப் போயிருந்தது. வந்த பொலிஸ் மஹத்தயா மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார், எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் இரண்டு இடத்தில் திருத்தச் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். எங்கள் மாவட்டத்தில் தமிழும் நிர்வாக மொழிதான், வர்த்தமானியில்.

அதற்குப் பிறகுதான் மூன்று கடைவீதி வர்த்தகர் சங்கங்களும் கூடின. ஓய்வுபெற்ற தோட்டக் காவற்காரர் ஒருவர், அவருக்குத் துணையாக ஒரு பொடியன், ஒரு ஆட்டோ. இரவு முழுக்க மூன்று இடத்துக்கும் சுற்ற வேண்டும். பொலிஸ் பொறுப்பதிகாரிகள் இருவருக்கும் எழுத்தில் அறிவித்தோம். ‘ஆளைப் பிடிக்காதே, விசில் ஊது, போன் எடு’ என்பதுதான் காவற்காரருக்கு நாங்கள் கொடுத்த அதிகாரம். தனியார் படை வைத்தீர்களா என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பங்கு பிரிப்பதில் அடிபிடி நடக்கும் என்று பயந்தோம். பெரிய கடைவீதி ‘ஊருக்கு ஒரு பங்கு’ என்றது, சின்னது ‘கடைக்கு ஒரு பங்கு’ என்றது. ஒரே மாலையில் தீர்ந்தது. நகை அடகுக் கடை, சாராயக் கடை, சுப்பர் மார்க்கெட் இரட்டைப் பங்கு. சாப்பாட்டுக் கடை அரைப் பங்கு. பாதையோரம் மரக்கறி போடுகிற அக்காமாருக்கு ஒன்றும் இல்லை. சாராயக் கடைக்காரர் முணுமுணுத்தார், ஆனால் கட்டினார்.

உண்மையான சண்டை இரண்டு இடத்தில் வந்தது. முதலாவது கொப்பி. ஒவ்வொரு கடைவீதியிலும் ஒரு கடை வாசலில் பால்மா டின்னுக்குள் கொப்பியும் பேனையும். காவற்காரர் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு மாதக் கடைசியில் கொப்பிகளைப் புரட்டினால் 12 மணி, 1 மணி, 2 மணி என்று கோடு போட்ட மாதிரி ஒரே மையில், ஒரே சாய்வில் எழுத்து. பாதையில் தண்ணீர் ஓடிய இரவுக்குரிய பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கேட்டதற்கு, “முதலாளி, எழுத்து முக்கியமா, கடை பத்திரமாக இருப்பது முக்கியமா?” என்றார். கடை பத்திரமாகத்தான் இருந்தது, அதனால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்புறம் கொப்பியை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் கடைக் கதவைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடச் சொன்னோம்.

இரண்டாவது தீபாவளி. தோட்டங்களில் முற்பணம் கொடுத்த வாரம், மூன்று கடைவீதியிலும் ஒரே நேரத்தில் சனம், எல்லாப் பெட்டியிலும் காசு. ஒவ்வொரு ஊரும் ‘ஆட்டோ இந்த வாரம் எங்கள் வாசலில் நிற்கட்டும்’ என்றது. மற்ற மாதமெல்லாம் அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் அந்த வாரம் போனை எடுக்கவில்லை. பெரிய கடைவீதிக்காரர் ஒருவர் காவற்காரருக்குத் தனியாகக் கையில் கொடுத்து நிறுத்திவைத்துவிட்டார். அதனால் அடுத்த வருடம் எழுத்திலேயே போட்டோம்: தீபாவளி, பொங்கல், சித்திரை வாரங்களில் அவரவர் சொந்தச் செலவில் கூடுதல் ஆள் வைக்கலாம், பொது ஆட்டோ சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் எல்லாம் நின்றது. கியூஆர் முறையில் எரிபொருளை அளந்து கொடுத்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். எங்கள் ஏற்றத்தில் அது எத்தனை இரவுக்குக் காணும்? பிறகு மீண்டும் தொடங்கியபோது ஒரு கடைவீதி கெமரா பூட்டிக்கொண்டு விலகிவிட்டது. இப்போது இரண்டு ஊர், ஒரு மோட்டார் சைக்கிள்.

பங்கு போடுவதைப் பற்றிப் பேச வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். பொலிஸை விட முதலில் பங்கு போட வேண்டியது தீயணைப்பு வண்டி. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பிராவில், அதாவது ஓர் அறையில், தீப்பிடித்தால் ஒரே கூரை, வரிசை முழுக்கப் போகும். வண்டி நகரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வருவதற்குள் கரிதான் மிச்சம். 2018 தேர்தலுக்கு முன் மாவட்டத்தில் பெரிய பிரதேச சபைகளை உடைத்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிதாக உண்டாக்கினார்கள். நல்லதுதான், நானும் பட்டாசு கொளுத்தினேன். சபைகளின் எண்ணிக்கை கூடியது, தவிசாளர்களின் எண்ணிக்கையும் கூடியது. அவர்கள் சேர்ந்து நடுவில் ஒரு தீயணைப்பு வண்டி நிறுத்துவதற்கு 13ஆவது திருத்தமும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம் என்பது என் எண்ணம். சட்டம் தெரிந்தவர்கள் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால் பங்குக் கணக்கில் மெனக்கெடாதீர்கள். பண்டிகை வாரத்தில் வண்டி எங்கே நிற்கும், காவற்காரர் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவார் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் உடன்படிக்கைத் தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், கடைப் பெயர்களை மறைத்துவிட்டுப் படம் போடுகிறேன். பதில் ராத்திரி கடை பூட்டிய பிறகுதான் வரும்.